23 டிகிரியில் அத்தைக்கு வந்த குளிர்

தெர்மாமீட்டரில் ‘லோ’ என்று காட்டியது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு பேட்டரியைக் கழற்றி வரச்சொல்லி மகளை விரட்டினேன். மாற்றிப் போட்டோம். மறுபடியும் ‘லோ’. கொவிட் காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் அது. காய்ச்சல் ஏறியிருக்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, அது பேட்டரியைச் சொல்லவில்லை, அத்தையின் உடம்பைத்தான் சொல்கிறது என்று தோன்றவே இல்லை.

2025 ஜனவரி 11, சனிக்கிழமை காலை. சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில், பதினோராவது மாடியில் எங்கள் நாலறை வீடு. வெள்ளிக்கிழமை பிடித்த மழை விட்டபாடில்லை. அந்த இரண்டே நாளில் சாங்கியில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது என்றும், ஜனவரி மாதம் முழுக்க வழக்கமாகப் பெய்வதையே அது தாண்டிவிட்டது என்றும் பிறகு செய்தியில் படித்தோம். வடக்கே திரளும் குளிர்காற்று தென்சீனக் கடல் வழியாக வேகமாக இறங்கி வரும்போது டிசம்பர், ஜனவரியில் இங்கே இப்படி அடைமழை பிடிக்கும். வெயில் தலைகாட்டாது. பகலிலும் 23, 24 டிகிரிதான் இருக்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், “ஏர்கான் போடாமலே ஏர்கான்” என்பார்கள். நானும் அந்த வெள்ளிக்கிழமை குளிருக்கு ஜாக்கெட் போட்ட படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுச் சிரித்தவள்தான்.

அத்தை என்றால் என் மாமியார். அப்போது வயது 82, எடை 41 கிலோ, இருபது வருடத்துச் சர்க்கரை. அந்த வெள்ளிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. விடிய மூன்றரைக்கே எழுந்து தலைக்குக் குளித்தார். குளியலறையில் ஹீட்டர் இருக்கிறது. ஆனால் விரத நாளில் பச்சைத் தண்ணீர்தான், அதில் வாதத்துக்கே இடமில்லை. ஈரத்தலையை அப்படியே முடிந்துகொண்டு, பருத்திப் புடவையில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கு வந்தார். சொர்க்கவாசல் வரிசையில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றார். திரும்பி வரும்போது கார் நிறுத்துமிடத்திலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வருவதற்குள் புடவைத் தலைப்பும் முதுகும் நனைந்துவிட்டன. “மாத்திக்கோங்க அத்தை” என்றேன். “காஞ்சிரும்மா” என்றார். அன்று முழுக்கத் துளசித் தீர்த்தமும் தண்ணீரும் மட்டும். இரவு கட்டிலில் படுக்க மாட்டார், தரையில் பாய்தான். சமையலறைச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் பாதி திறந்திருந்தன. தலைக்கு மேல் மின்விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று இதில் ஒன்றுகூட வித்தியாசமாகத் தெரியவில்லை. வருடாவருடம் நடப்பதுதானே.

சனிக்கிழமை காலை விரதம் முடிக்கும் பாரணைக்கு எழுப்பப் போனபோது, என் மகளைப் பார்த்து நாத்தனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு வாய்க்குள் பஞ்சை வைத்த மாதிரி குழறியது. ஜாக்கெட் கொக்கியைப் போடப் பார்த்தார். விரல் கொக்கிக்குப் பக்கத்தில் போய்ப் போய் நழுவியது. நான்கு தடவை அப்படி நழுவியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உடம்பு நடுங்கவில்லை. “குளிருதா அத்தை?” என்றதற்கு, “எனக்கென்ன குளிரு” என்று தெளிவாகச் சொன்னார். அதுதான் என்னை ஏமாற்றியது. குளிர் அடித்தால் நடுங்க வேண்டும், நடுங்கவில்லை என்றால் குளிர் இல்லை என்பது என் கணக்கு. வயதானவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று மருத்துவமனையில்தான் தெரிந்தது. அவர்களுக்குத் தசை குறைவு, தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு, நடுக்கமும் சரியாக வராது, குளிர் தெரிவதே மங்கிப்போயிருக்கும். உடம்புச் சூடு நன்றாக இறங்கிவிட்டால் இளைஞர்களுக்கும் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைப் பார்த்து நிம்மதிப்படக் கூடாதாம்.

அடுத்த இருபது நிமிடம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. நான் வெந்நீர்ப் பையில் கொதிநீரை நிரப்பி இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்தேன். என் கணவர் தைலத்தை எடுத்துக் காலைப் பரபரவென்று தேய்த்தார். ஜொகூரிலிருந்து கொழுந்தனார் தொலைபேசியில், “ரெண்டு ஸ்பூன் பிராந்தி குடுங்கண்ணி, உடனே சூடு ஏறும்” என்றார். பிராந்தி வீட்டில் இல்லாதது பெருமாள் புண்ணியம். பாலைக் காய்ச்சி வாயில் ஊற்றினேன், அது கடைவாய் வழியாக வழிந்தது. விழுங்கவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மலாய்ப் பெரியம்மா வந்தார், மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அத்தைக்கு முப்பது வருடத்துச் சிநேகிதி. அத்தையின் கையைத் தொடவில்லை, நேராகப் புடவைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “பாங்கில் அம்புலன்ஸ்” என்றார், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று மலாயில், அவ்வளவுதான். 995ஐ அழைத்தோம்.

வந்த மருத்துவ உதவியாளர்கள் முதலில் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கினாலும் இதே குழறல், இதே தடுமாற்றம் வருமாம். விரதம் இருந்துவிட்டு மாத்திரையையும் போட்டிருந்தால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி மேசை மேலேயே இருந்தது. எங்கள் மூன்று பேருக்குமே அது ஞாபகம் வரவில்லை. நல்லவேளை, சர்க்கரை பரவாயில்லை. பிறகு காதில் வைத்துச் சூடு பார்த்தார்கள். ஈரப் பாவாடையைக் கத்தரித்து எடுத்தார்கள். ஆமாம், உள்பாவாடை இன்னும் ஈரம். புடவை காய்ந்திருந்ததால் உள்ளே தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் 33.6 டிகிரி என்றார்கள். 35க்குக் கீழே போனாலே அது வெப்பக்குறைவு நோயாம். வெதுவெதுப்பான காற்று ஊதும் ஒரு போர்வையைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூட்டை ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர், தமிழ்ப் பெண், எங்களிடம் நேற்றைய நாளை மணிவாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 23 டிகிரிக்கு இப்படி ஆகுமா என்று நான் கேட்டதற்கு, “வெறும் 23 டிகிரி மட்டும்னா ஆகாதுக்கா” என்றார். சிறுநீரில் தொற்று இருந்தது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் ஏறித்தான் ஆக வேண்டும் என்றில்லை, சூடு இறங்கவும் செய்யும். அதோடு பட்டினி, எரிக்க உடம்பில் விறகு இல்லை. அதோடு ஈரத்துணி, தரை, காற்று. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் அத்தை சமாளித்திருப்பார்.

எங்களுடைய இருபது நிமிட வைத்தியத்தையும் அவரிடம் ஒப்பித்தேன். காலைத் தேய்க்கக் கூடாதாம். கை காலைச் சூடுபடுத்தித் தேய்த்தால் அங்கே நிற்கும் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். ஆளையே அதிகம் அசைக்காமல் மெல்லக் கையாள வேண்டும். சூடு கொடுப்பதென்றால் நெஞ்சு, கழுத்து, அக்குள் பக்கம், அதுவும் துணியில் சுற்றித்தான். பிராந்தி உள்ளே போனால் தோல் பக்கம் ரத்தக்குழாய் விரியும். சூடு ஏறின மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகும். முழு நினைவோடு தானே டம்ளரைப் பிடித்து விழுங்க முடிந்தால் மட்டும் இனிப்பாகச் சூடாக ஏதாவது தரலாம். அரை மயக்கத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். ஈரத்தைக் கழற்றித் துடைத்து, தலையோடு சேர்த்துப் போர்த்தி, அடியிலும் கனமாக எதையாவது விரித்து, 995ஐ அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

வெந்நீர்ப் பை விஷயத்தைக் கடைசியாகத்தான் சொன்னேன். டாக்டர் எழுந்து போய் அத்தையின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். வலது குதிகாலுக்கு மேலே ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும், சுடுவது தெரியாது. அத்தை ஐந்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். குளிரும் போனது, தொற்றும் போனது. அந்தப் புண்ணுக்கு மட்டும் ஏழு வாரம் பலதுறை மருந்தகத்துக்கு அலைந்தோம். சர்க்கரை இருப்பவர் வீட்டில் வெந்நீர்ப் பை இருந்தால் தயவுசெய்து அது பாதத்துக்குப் போக வேண்டாம். காலுறை போதும்.

பொங்கலை அத்தை மருத்துவமனையில் கழித்தார். செவ்வாய்க்கிழமை காலை நான் போனதும் கேட்ட முதல் கேள்வி, “பால் பொங்குச்சா?”

டொராண்டோவில் இருக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. அங்கே வெளியே மைனஸில் இருக்கும்போது வீட்டுக்குள் 21 டிகிரிதான் வைப்பார்களாம், எங்கள் வீட்டை விடக் குறைவு. ஆனால் அங்கே சன்னல் சாத்தியிருக்கும், காற்று உலர்ந்திருக்கும், காலில் கனத்த உறை, மேலே கம்பளிச் சட்டை. நம் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. காற்று குறுக்கே ஓட வேண்டும், தரை ஜில்லென்று இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தவை. வருடத்தில் பத்து நாள் குளிர் வந்தால் அதே வசதி நமக்கு எதிராகத் திரும்புகிறது. இங்கே பதிவான குளிர் 19 டிகிரியை ஒட்டித்தான் வந்திருக்கிறது. 1934 ஜனவரியில் 19.4 வரை இறங்கியதாகக் கணக்கு. அதனால் யார் வீட்டிலும் குளிருக்கென்று எதுவும் எடுத்து வைப்பதில்லை. எங்கள் வீட்டில் கனமான போர்வை ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் கேமரன் மலைக்குப் போனபோது வாங்கியது.

அதே ஜனவரியில் 17ஆம் தேதி வாக்கில் மறுபடி மழை வரும் என்று வானிலை ஆய்வகம் சொன்னது. அத்தை வீடு திரும்பி இரண்டு நாள்கூட ஆகவில்லை. இந்தத் தடவை மாக்சிக்தான் ஆரம்பித்தார். எங்கள் புளோக்கிலும் எதிர் புளோக்கிலும் தனியாக இருக்கும் வயதானவர்களை விரல்விட்டு எண்ணினோம், ஒன்பது பேர். கீழே இருக்கும் மூத்தோர் நிலையத்துத் தொண்டூழியர்கள் ஐந்து பேரை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நான்கு பேரையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. மழை நாளில் காலையும் மாலையும் கதவைத் தட்டுவது, ஒரு ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது கொண்டுபோவது, ஐந்து நிமிடம் நின்று பேசுவது.

அந்தப் பேச்சுக்குக் காரணம் இருக்கிறது. “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். அத்தையும் அதைத்தான் சொன்னார். ஆகவே நேற்று என்ன சாப்பிட்டீர்கள், மகன் எப்போது வந்தார் என்று இரண்டு வாக்கியம் பேசவைக்க வேண்டும். நாக்கு குழறுகிறதா, பதில் தாமதமாக வருகிறதா, நடை தள்ளாடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் மாக்சிக் செய்தது போல வயிற்றையோ முதுகையோ துணிக்குள் தொட்டுப் பார்க்கலாம். கை கால் யாருக்குமே ஜில்லென்று இருக்கும். வயிறு ஜில்லென்று இருந்தால் யோசிக்க நேரமில்லை.

எதிர் புளோக்கில் நாலாவது மாடியில், இரண்டறை வாடகை வீட்டில் ஒரு சீன அங்கிள். வயது எண்பதுக்கு மேல். அவரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் பேசினேன், அவருக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னார். வீடு முழுக்கக் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கியது. மூன்று நாளாக எதுவும் காயவில்லை. போட்டிருந்த பனியனைத் தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். மாற்றுத்துணி இல்லை, எல்லாம் கயிற்றில் இருந்தது. அவருக்கு முதலில் தேவைப்பட்டது போர்வை இல்லை, காய்ந்த துணிதான். அவருடைய மூட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கீழே உள்ள சுயசேவை சலவைக் கடையின் உலர்த்தியில் போட்டு எடுத்து வந்தோம். சூடாக வந்த பனியனைக் கையில் வாங்கியவர் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அவருடைய மெத்தை ஒரு விரல் கனம்கூட இல்லை. கட்டுமான வேலையில் இருக்கும் என் தம்பி கொடுத்த யோசனை, அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மெத்தைக்கு அடியில் இரண்டடுக்காக விரிப்பது. நாம் மேலே போர்த்துவதைப் பற்றியே நினைக்கிறோம், தரை உறிஞ்சுவதை மறந்துவிடுகிறோம். அத்தையின் பாய்க்கு அடியிலும் இப்போது அட்டையும் பழைய கம்ஃபர்ட்டரும் இருக்கின்றன. தரையில்தான் படுப்பேன் என்கிற அவருடைய பிடிவாதமும் அப்படியே இருக்கிறது.

தம்பி இன்னொன்றும் சொன்னான். அவனுடைய தளத்து ஊழியர்கள் மழையில் நனைந்த சட்டையோடு லாரியின் பின்னால் உட்கார்ந்து விடுதிக்குப் போகிறார்கள். ஈரமும் ஓடும் வண்டியின் காற்றும் சேர்ந்தால் முப்பது வயதுக்காரனுக்கும் பல் கிட்டும். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு ஒரு காய்ந்த டீ-ஷர்ட்டை எப்போதும் பையில் வைத்திருங்கள் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். லாரியில் ஆள் ஏற்றுவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அது தனிக் கதை.

மின்விசிறிதான் பெரிய பஞ்சாயத்து. அத்தைக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. அணைத்தால் பத்து நிமிடத்தில் எழுந்து போட்டுவிடுவார். கடைசியில் என் மகள் தரையில் நிற்கும் மின்விசிறி ஒன்றை வாங்கி வந்து, அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டாள். சத்தம் உண்டு, காற்று இல்லை. இதை அங்கிள் வீட்டிலும் செய்தோம்.

எதிலெல்லாம் கவனம் வேண்டும் என்று அப்போது தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காகச் சன்னலை முழுக்கச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். மகளுக்கு ஆஸ்துமா, இப்போது நிறுத்திவிட்டோம். சாத்தே சுடும் கரியடுப்பை உள்ளே வைத்தால் வீடு கதகதப்பாகும் என்று மூன்றாவது மாடியில் ஒருவர் முயன்றார். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மாக்சிக் போட்ட சத்தத்தில் அந்த அடுப்பு திரும்பக் கீழே போய்விட்டது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், படுக்கையிலிருந்து எழுந்தவுடன் பச்சைத் தண்ணீரில் குளிப்பது இதய நோயாளிகளுக்கு ஆகாது. சளி மருந்திலும் தூக்க மாத்திரையிலும் வரும் மயக்கம் இந்த நாள்களில் இரட்டிப்பு ஆபத்து, குழறுவது மருந்தாலா குளிராலா என்றே தெரியாது. தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும். கழிவறைக்கு அடிக்கடி போக வேண்டுமே என்று வயதானவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அத்தையின் சிறுநீர்த் தொற்றுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வெந்நீரோ ரசமோ சுக்குக் காப்பியோ, எப்படியாவது உள்ளே போக வேண்டும். அப்புறம் ஃபுளூ ஊசி. இங்கே வருடம் முழுக்க ஃபுளூ உண்டு என்றாலும் ஆண்டுக் கடைசியில் ஒரு தடவையும் நடுவில் ஒரு தடவையும் கூடும். 65 வயதுக்கு மேல் வருடாவருடம் போடச் சொல்கிறார்கள். ‘ஹெல்த்தியர் எஸ்ஜி’ என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால் பதிந்த மருந்தகத்திலேயே இலவசம். அங்கிளை நவம்பரில் நான்தான் கூட்டிப்போனேன். ஊசி போட்டதற்கு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

2025இல் வைகுண்ட ஏகாதசி இரண்டு தடவை வந்தது. இரண்டாவது, டிசம்பர் 30. அத்தை ஒரு மாதத்துக்கு முன்பே நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டார். என் கணவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், நான் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மருந்தகத்துத் தாதியை வைத்துப் பேரம் பேசினோம். பட்டினி கிடையாது, பாலும் பழமும் உண்டு, மாத்திரை அளவை டாக்டர் சொன்னபடி மாற்றுவது. வெந்நீரில் உடம்புக்கு மட்டும் குளியல், தலைக்கு முதல்நாள் பகலிலேயே ஊற்றிக் காயவைத்துவிடுவது. மாற்றுப் புடவை, உள்பாவாடை, துண்டு எல்லாம் ஒரு பையில் கூடவே வரும். “பெருமாள் வெந்நீர்ல குளிச்சா வேணாம்னா சொல்லுவாரு?” என்று என் மகள் கேட்டதற்கு அத்தை பதில் சொல்லவில்லை, ஆனால் ஹீட்டர் பொத்தானை அவரே தட்டினார்.

தரிசனம் முடிந்து காரில் ஏறியதும் பாதத்தைத் துடைத்துக் காலுறையை மாட்டிவிட்டேன். தேக்காவில் வாங்கிய குரங்குக் குல்லாயைக் கோயிலுக்குள் போட மாட்டேன் என்றவர், இப்போது தானாகவே இழுத்து மாட்டிக்கொண்டார். ஃபிளாஸ்கைத் திறந்து பாலை மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை போடலியா?” என்றார்.